கொலுப் படியிலிருந்து இறங்கிய வாத்துகள்

கண்ணுக்கு எதிரே புல். புல்லுக்கு அந்தப் பக்கம் பனி. பனிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இருக்கிறது என்பதைப் படகின் அடிப்பலகையில் அது தட்டுகிற சத்தத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தேன். இருமல் வந்துவிடக் கூடாது என்பது என் கணவரின் உத்தரவு.

அவர் எனக்கு முன்னால் படுத்துக்கொண்டு, புல்லின் நடுவே விட்டிருந்த ஓட்டை வழியாகக் காமிராவை நீட்டியிருந்தார். அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகில் ஒரு சந்தோஷம் இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்த முதுகு, எனக்குத் தெரியாதா?

போன வாரம் எங்கள் கட்டட லிஃப்டில் நான் மாட்டிக்கொண்ட கதையைப் படித்துவிட்டு, "இவ்வளவு பயந்தாங்கொள்ளியா நீங்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா, லிஃப்ட் எல்லாம் ஒரு பயமா? நான் நிஜமாகப் பயந்தது அந்தப் படகில். அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் பயங்களும் ஒரு கையும்

எனக்குப் பல்லி பயம். பூட்டிய கதவைப் பூட்டினோமா என்று பயம். இடி, ஊசி, தெரியாத நம்பரிலிருந்து வரும் போன், எல்லாம் பயம். கல்யாணமாகிக் கல்கத்தா வந்த புதிதில் டாக்குரியா ஸ்டேஷனில் லோக்கல் ரயில் நெருங்கி வரும்போதெல்லாம் தூணைக் கட்டிக்கொள்வேன். காளிகாட் மெட்ரோவில் எஸ்கலேட்டர் என்றால் இன்றைக்கும் முதல் படியில் கால் வைக்க வராது.

என் கணவர் விஸ்வநாதன் இதற்கெல்லாம் ஒரு வைத்தியம் வைத்திருந்தார். திரும்பிப் பார்க்க மாட்டார். முன்னால் போய்க்கொண்டே ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டுவார். "ஒண்ணும் ஆகாது, வா" என்பார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எஸ்கலேட்டர் ஏறுவேன்.

எனக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். ஒரு தடவையாவது நின்று, "என்ன பயம், சொல்லு" என்று கேட்கக் கூடாதா மனுஷன்? கேட்க மாட்டார். வங்கியில் இருந்தபோது எத்தனையோ பேர் அழுது புலம்பியதைக் கேட்டுக் காது மரத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ஓய்வு பெற்ற பிறகு இடது காது நிஜமாகவே மந்தமாகிவிட்டது.

துரை கொடுத்த ஜோடி

பறவைப் பைத்தியம் அவருக்கு எப்படிப் பிடித்தது என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும்.

என் மாமனார் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோகிராபர். சுதந்திரம் வந்து வெகுநாள் ஆகியும் அந்தக் கம்பெனியில் துரைகள் கிளம்பவில்லை. அன்று வாத்து வேட்டைக்குத் தடையும் கிடையாது. குளிர்காலத்தில் துரை ஏதாவது ஜீலுக்குப் போய்ச் சுட்டுவிட்டு வந்து, கிறிஸ்மஸ் சமயம் ஆளுக்கு ஒரு ஜோடி என்று ஆபீஸில் எல்லாருக்கும் கொடுத்தனுப்புவாராம். ஜீல் என்றால் இங்கே பெரிய ஏரி.

வெங்காயம்கூட யோசித்து யோசித்து வெட்டுகிற வீடு. அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு ஜோடிச் செத்த வாத்து. மாமியார் ஸ்நானம் பண்ணப் போனவர் வெளியே வரவே இல்லையாம். மாமனார் அதைத் துணியில் சுற்றி, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கொடுக்கக் கிளம்பினார். அவர்கள் வாசலிலேயே காத்திருந்தார்கள் என்பது கதை.

துணியில் சுற்றுவதற்குள் இவர் பார்த்துவிட்டார். சின்னப் பிள்ளை. தலை செம்பட்டையாக, அலகு சிவப்பாக இருந்ததாம். "கண்ணு திறந்திருந்தது பத்மா. என்னையே பார்த்துண்டிருந்தது" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பார்! செந்தலை வாத்து அது. சைபீரியாவிலிருந்தோ எங்கிருந்தோ வருகிறதாம். அதே ஜாதி வாத்தை உயிரோடு, கண் திறந்திருக்கும்போது, பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். அதுதான் அவர் ஆசை.

சாந்த்ராகாச்சி ஜீலுக்குக் குளிர்காலத்தில் தவறாமல் போவோம். ரயில் யார்டைத் தாண்டினால் ஏரி. ஆனால் அங்கே கரையில்தான் நிற்கலாம், கூட்டம் வேறு. வாத்துகள் நடுத் தண்ணீரில் புள்ளி புள்ளியாகத் தெரியும். செந்தலையும் வருவதில்லை. இவருக்குப் போதவில்லை.

கல்யாண வாசல்

ரிட்டயர் ஆனவர் கையில் மொபைலைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு என் வீடு உதாரணம். வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் படகைப் புல்லால் மூடி ஒளித்து வைக்கிற வீடியோக்களைச் சாப்பாட்டு மேஜையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஏன்னா, இவா எல்லாம் சுடறவாளாச்சே?" என்றேன்.

"அவா சுடறதுக்கு ஒளியறா. நாம படம் எடுக்க ஒளியறோம். வித்தை ஒண்ணுதான்."

கல்கத்தாவிலிருந்து ரயிலில் சில மணி நேரம் போனால் ஒரு ஜீல். பெயர் வேண்டாம். அங்கே நிதாய் என்று ஒரு படகுக்காரரைப் பிடித்து வைத்திருந்தார். அண்ணனை இங்கே தாதா என்பார்கள், சுருக்கி தா. நிதாய்தா நல்ல மனிதர், பேச்சு மட்டும் ஓயாது. ஒரு பழைய டிங்கிப் படகைக் காட்டி, "எங்க அப்பா காலத்துல பாபுக்களை இதுலதான் வேட்டைக்கு ஏத்திண்டு போவார்" என்று வங்காளியில் பெருமையாகச் சொன்னார். படகின் இரண்டு ஓரத்திலும் வரிசையாகத் துளைகள் இருந்தன. புல் செருகுவதற்காக அந்தக் காலத்தில் போட்ட துளைகளாம்.

ஒரு மத்தியானம் முழுக்க அந்தப் படகைச் சிங்காரித்தோம். துளைகளில் மூங்கில் பிளாச்சுகளைச் செருகி வளைத்து, மேலே கிழிந்த மீன்வலையைப் போர்த்தினார்கள். வலையில் புல்லைக் கட்டுவது என் வேலை. இங்கே ஹோக்லா என்று சொல்லும் நீளக் கோரையும், காய்ந்த நாணலும் கரையோரம் அறுத்துக் குவித்திருந்தது. நான் சணல் கயிற்றை எடுத்துக்கொண்டு, மல்லிகை தொடுக்கிற அதே முடிச்சில், இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு என்று கோரையைத் தொடுத்தேன். சரசரவென்று வந்தது. எனக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இவர் தள்ளி நின்று பார்த்தார். "என்னடி இது, கல்யாண மண்டப வாசல் மாதிரி இருக்கு! வாத்து பாக்குமா, தாம்பூலம் வாங்கிண்டு போகுமா?"

புல் தானாக வளர்ந்தது போல இருக்க வேண்டுமாம். ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் சரிவு, அங்கங்கே பழுத்தது, அங்கங்கே பச்சை. பளபளப்பு ஆகாது, நேர்கோடு ஆகாது. தொடுத்ததை எல்லாம் இழுத்துக் கலைத்தேன். கரைச் சேற்றை அள்ளிப் பலகையில் பூசினோம். அடியில் ஆகாயத்தாமரையைக் கொத்தாகச் சுற்றி மிதக்கவிட்டார் நிதாய்தா. புதுசாக ஒன்றில் ஏறுகிறோமே என்று முனையில் நான் வைத்த குங்குமப் பொட்டை இவர் விரலால் அழித்துவிட்டார். சிவப்பு தெரிந்தால் பறவை கலைந்துவிடுமாம்.

தள்ளி நின்று பார்த்தபோது படகு இல்லை, வெறும் புல் திட்டு. இவருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு மட்டும், அதற்குள் போய் உட்கார்ந்தால் நாங்களும் இல்லாமல் போய்விடுவோம் என்று தோன்றியது.

மூன்றாம் படி ஜோடி

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

வீடியோக்காரர்கள் பொம்மை வாத்துகளை மிதக்கவிடுகிறார்கள். அதைப் பார்த்து நிஜ வாத்து இறங்குமாம். இங்கே அந்த மாதிரி பொம்மை எங்கே கிடைக்கும்? ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே இவர் கண் பரணுக்குப் போயிற்று. எங்கள் கொலுப் பெட்டியில் மரத்தால் செய்த ஒரு ஜோடி வாத்து உண்டு. என் கல்யாணச் சீரோடு வந்தது. மூன்றாம் படியில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் வைப்பேன்.

ஜன்னல் கிராதிக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயின்ட் இருந்தது. மொபைலில் படம் பார்த்து, தலைக்குச் செம்பட்டை, அலகுக்குச் சிவப்பு, மார்புக்குக் கறுப்பு என்று நானேதான் பூசினேன். பளபளத்தது. சாம்பல் போட்டுத் தேய்த்து மங்கலாக்கினேன். எங்கள் பக்கத்து ஃபிளாட் ஷிகா பௌதி (அண்ணியை இங்கே பௌதி என்பார்கள்) பார்த்துவிட்டு, "ஓ மா, உயிரோட இருக்கு!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பாராட்டு யாருக்குக் கசக்கும்?

பனிக்குள்

படகைச் சிங்காரித்த மறுநாள் விடியலில் நிதாய்தா எங்களை நடு ஜீலில் ஒரு மூங்கில் கழியில் கட்டிவிட்டு, தன் படகில் திரும்பிப் போய்விட்டார். அவர் இருந்தால் பேசுவார், பறவை வராது. வெயில் ஏறியதும் வருவதாக ஏற்பாடு. போகும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கிச்சு ஹொபே நா, பௌதி" என்றார். ஒன்றும் ஆகாதாம். இந்த ஊரில் எல்லாருக்கும் இந்த வார்த்தை நாக்கு நுனியில் இருக்கிறது.

பொம்மைகளைக் கல் கட்டிக் கை எட்டுகிற தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால் மிதக்கவிட்டிருந்தோம். பனியில் அவை லேசாக ஆடின. பார்க்கப் பார்க்க எனக்கே நிஜம் போல இருந்தது.

வெகுநேரம் எதுவும் வரவில்லை. பிறகு தலைக்கு மேல் சிறகுச் சத்தம். சற்றுத் தள்ளித் தண்ணீரில் இறங்குகிற சத்தம். இவர் முதுகு விறைத்தது. வந்துவிட்டது போலிருக்கிறது.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். துடுப்புத்தான். ஆனால் நிதாய்தாவின் துடுப்பு சளக் சளக் என்று ஊரைக் கூட்டும். இது தண்ணீரைத் தொடவே பயந்தது போல வந்தது. எங்கள் இடது பக்கம்.

இவருடைய இடது காது.

சட்டையைப் பிடித்து இழுத்தேன். இவர் திரும்பவில்லை. கண்ணைக் காமிராவிலிருந்து எடுக்காமல், எப்போதும் போல ஒரு கையைப் பின்னால் நீட்டினார். சும்மா இரு என்று அந்தக் கை சொன்னது.

புல்லை விரலால் விலக்கிப் பார்த்தேன். பனி அந்தப் பக்கம் கொஞ்சம் கிழிந்திருந்தது. ஒரு சின்னப் படகு. இரண்டு ஆண்கள், மஃப்ளரால் முகத்தை மூடியிருந்தார்கள். பின்னால் இருந்தவன் துடுப்பைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துத் தள்ளினான். முன்னால் இருந்தவன் மண்டியிட்டிருந்தான். அவன் கையில் இருந்தது மீன் பிடிக்கிற கழி என்று நினைக்க ஆசைப்பட்டேன். கழிக்கு ஏது விசை?

"தூட்டோ" என்றான் ஒருவன், குசுகுசுவென்று. இரண்டு இருக்கிறது என்கிறான். எந்த இரண்டு?

எனக்குப் புரிந்துவிட்டது. என் மூன்றாம் படி ஜோடி. நான் சாம்பல் போட்டுத் தேய்த்த ஜோடி. அதற்கு நேர் பின்னால் ஒரு புல் திட்டு. அந்தப் புல் திட்டுக்குள் நாங்கள்.

மறுபடி இழுத்தேன். இந்தத் தடவை உதட்டை அசைத்தார். சத்தமே இல்லை. ஆனாலும் எனக்குத் தெரியும், "ஒண்ணும் ஆகாது."

எத்தனை பல்லிக்கு, எத்தனை இடிக்கு இவர் சட்டையை இழுத்திருக்கிறேன்! இதுவும் அதில் ஒன்று என்றுதான் அவர் நினைப்பார். வேறென்ன நினைப்பார்?

கத்தலாம். மனுஷர்கள் இருக்கிறோம் என்று தெரிந்தால் சுட மாட்டார்கள். ஆனால் முழங்கை நீளக் காமிராவோடு இரண்டு பேர் புல்லுக்குள் ஒளிந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால்? வேட்டை இப்போது ஜெயில் விஷயம். பார்த்துவிட்டார்கள், படமும் எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தால்? சுற்றிலும் பனி. கூப்பிட்டால் வர ஆள் இல்லை. எனக்கு நீச்சலும் தெரியாது. புல்லாக இருந்தாலும் செத்தோம், மனுஷராக இருந்தாலும் செத்தோம்.

அந்தக் குழல் மெள்ள மேலே எழும்பியது. இவர் முதுகு அப்படியே அகலமாக, சந்தோஷமாக எனக்கு முன்னால் இருந்தது.

வாயிலிருந்து புடவையை எடுத்தேன். தமிழில் எதுவும் வரவில்லை. வங்காளியில் எதுவும் வரவில்லை. நாக்கு மட்டும் சுழன்றது. உலு என்று இங்கே பெண்கள் பூஜையிலும் கல்யாணத்திலும் இடுவார்களே, நம் ஊர்ப் பக்கத்துக் குலவை போல, அது வந்தது. வருஷா வருஷம் துர்கா பூஜைப் பந்தலில் ஷிகா பௌதிக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டது. பந்தலில் எனக்கு மூன்று மூச்சு தாங்காது. அன்றைக்கு நிற்கவே இல்லை.

ஜீல் முழுக்க வாத்துகள் ஒரே நேரத்தில் எழும்பின. துப்பாக்கி வெடித்தது. புல் என் முகத்தில் அடித்தது. படகு ஆடியது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு உலு போட்டுக்கொண்டே இருந்தேன்.

"பெத்னி! பெத்னி!" என்று ஒரு அலறல். சதுப்பில் குடியிருக்கிற பெண் பேய்க்கு இங்கே அதுதான் பெயர். பிறகு துடுப்பு தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடுகிற சத்தம். அது தேய்ந்து, இல்லாமல் போயிற்று.

அவர்களும் என்னைப் போலத்தான் பயந்திருக்கிறார்கள். அப்போது அது தெரியவில்லை. திரும்பி வருவார்கள் என்றே நடுங்கிக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறியதும்

கண்ணைத் திறந்தபோது இவர் திரும்பியிருந்தார். முதுகு இல்லை, முகம். காமிராவின் முன்பக்கத்துக் கறுப்பு வளையம் உடைந்து தொங்கியது. அவர் கன்னத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம் இருக்குமா? கன்னத்தில் ரத்தம் எதுவும் இல்லை. அதை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். அவர் எதையாவது பிடித்துக்கொண்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வெயில் ஏறியது. நிதாய்தா வந்தார். வந்தவர் எங்களைத் தாண்டிப் போய்விட்டார். அவரே தேடி அலைகிற அளவுக்கு எங்கள் புல் வேலை அமைந்திருந்தது. "தாதா! பௌதி!" என்று வேறெங்கோ பார்த்துக் கூப்பிட்டார். இவரால் குரல் கொடுக்க முடியவில்லை, எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. புல்லைக் கை கையாகப் பிய்த்து வெளியே எறிந்தேன். மல்லிகை முடிச்சு லேசில் அவிழவில்லை. பல்லால் கடித்தேன். பிறகுதான் பார்த்தார்.

கரைக்கு வந்து பொம்மைகளை எடுத்தோம். ஆண் வாத்தின் மார்பில் ஈயக் குண்டுகள் பொதிந்திருந்தன. நிதாய்தா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவ்வளவு பேசுகிற மனிதர், திருப்பிக் கொடுத்துவிட்டுப் படகைக் கழுவப் போய்விட்டார். வனத்துறை அலுவலகத்தில் போய்ச் சொன்னோம், எழுதிக்கொண்டார்கள். முகம் பார்க்கவில்லை என்று உண்மையைத்தான் சொன்னேன்.

செந்தலை வாத்தின் படம்? இவர் பட்டனை அழுத்தவே இல்லையாம். "பார்த்துண்டே இருந்துட்டேன். என்னையே பார்த்தது" என்று ரயிலில் சொன்னார். அதற்கு மேல் அந்தக் காலையைப் பற்றி அவர் இன்று வரை பேசவில்லை.

காளிகாட்

அந்த வருஷக் கொலுவில் அந்த ஜோடியை அதே மூன்றாம் படியில் வைத்தேன். உடைந்த பொம்மையை வைக்கக் கூடாது என்று வந்தவர்கள் சொன்னார்கள். உடையவில்லையே, எங்களுக்கு வந்த குண்டை வாங்கிக்கொண்டதுதானே என்று வைத்தேன்.

கொலுவுக்குப் பூ வாங்க இருவருமாகக் காளிகாட் போய்விட்டு, திரும்புவதற்கு மெட்ரோ ஸ்டேஷனுக்குள் நுழைந்தோம். பூஜைக் கூட்டம். கையில் பூப்பொட்டலம். எஸ்கலேட்டர் அருகே வந்ததும் வழக்கம் போல என் கால் நின்றது.

"ஏன்னா, பயமா இருக்கு" என்றேன்.

முன்னால் போய்க்கொண்டிருந்தவர் நின்றார். திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "என்ன பயம், சொல்லு" என்றார். "ஏதாவது சத்தம் கேட்டுதா?"

இத்தனை வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த கேள்வி. அது வந்ததும் எனக்கு உள்ளே சில்லென்று ஆகிவிட்டது. அவர் கண் என்னைத் தாண்டிக் கூட்டத்தில் எதையோ தேடியது. அந்த மனுஷர் பயந்திருந்தார். நான் இத்தனை காலம் தைரியமாகப் பயந்துகொண்டிருந்ததே, அவர் பயப்படாமல் இருந்ததனால்தான். இனி நான் எந்தக் கையைப் பிடித்துக்கொள்வேன்?

பின்னால் நின்றவர்கள், "தாதா, எகியே ஜான்!" என்று முன்னே நகரச் சொல்லி நெருக்கினார்கள். இவர் நகரவில்லை. படிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் போய்க்கொண்டே இருந்தன.

பூப்பொட்டலத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். அவரைத் தாண்டி முன்னால் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவேன். வலது கையை மட்டும் பின்னால் நீட்டினேன்.

"ஒண்ணும் ஆகாது. வாங்கோ" என்றேன்.